பற்று வந்த வழியும் நின்ற நெறியும்

மனிதன் தன் வாழ்நாளில் பலவற்றை மாற்றிக்கொள்கிறான். தொழிலை மாற்றுகிறான், குடியிருக்கும் ஊரை மாற்றுகிறான், வாக்களிக்கும் கட்சியையும் மாற்றுகிறான். நேற்றுவரை விரும்பி உண்ட உணவை மருத்துவர் சொல்லுக்காக இன்று கைவிடுகிறான். ஆயின், பத்து வயதில் ஒரு காற்பந்துக் குழுவைத் தன்னுடையது என்று கொண்டவன் அறுபது வயதிலும் பெரும்பாலும் அதனையே தன்னுடையது என்கிறான். அக்குழுவால் அவனுக்கு ஒரு காசு வருவாய் இல்லை. அதன் ஆட்டக்காரர்களுள் ஒருவரேனும் அவன் பெயரை அறியார். இருந்தும் அது தோற்ற இரவில் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. அது வென்ற மறுநாள் வேலையிடத்தில் அவன் நடையே வேறாக இருக்கிறது.

இத்துணை ஆழமான பற்று எங்கிருந்து வந்தது? கிள்ளானிலோ, ஈப்போவிலோ, சிராங்கூன் சாலையிலோ உள்ள ஒரு கோப்பிக்கடையில் சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்போரிடம் இவ்வினாவைத் தொடுத்தால் கிடைக்கும் விடைகள் மிக எளியவை. "அண்ணன் அந்தக் குழுவை ஆதரித்தார், நானும் ஆதரித்தேன்" என்பார் ஒருவர். "சிவப்புச் சட்டை பிடித்திருந்தது" என்பார் மற்றொருவர். "முதன்முதலில் பார்த்த ஆட்டம் அவர்களுடையது, அன்று அவர்கள் வென்றார்கள்" என்பார் இன்னொருவர். இருபது குழுக்களின் வரலாற்றையும் ஒழுக்கத்தையும் ஆட்டத்திறனையும் ஒப்புநோக்கி, தகுதியுடைய ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக அவர்களுள் எவரும் சொல்லமாட்டார்.

இங்கேதான் அறவியல் வினா ஒன்று தலைகாட்டுகிறது. தக்க காரணமின்றி வந்த பற்று நற்பற்று ஆகுமா? தற்செயலாக வாய்த்த ஒன்றுக்கு மனிதன் கடமைப்பட்டவன் ஆவானா? விளையாட்டைப் பற்றிய வினாவாக இது தோன்றினும், விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. தாய்மொழியை எவரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. சமயமும், இனமும், நாடும், பயின்ற பள்ளியும் பெரும்பாலோர்க்குத் தாமாக வந்து வாய்த்தவையே. பெரிய பற்றுகளைப் பற்றி வெளிப்படையாக உரையாட மனிதர் தயங்குவர்; சினமும் கொள்வர். காற்பந்து போன்ற சிறிய பற்றை ஆராய்வது எளிது. சிறியதில் விளங்கும் உண்மை பெரியதற்கும் ஒளி தரக்கூடும்.

பற்று வரும் வழிகள்

காற்பந்துக் குழுவின்மேல் பற்று வருவதற்கு மூத்த வழி இடம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கழகங்கள் பல, தொழிற்சாலைகளின் வாயிலில் பிறந்தவை. மான்செஸ்டர் யுனைடெட் எனப்படும் கழகம், 1878இல் நியூட்டன் ஹீத் என்னுமிடத்து இரயில்வேத் தொழிலாளர்கள் கூடி அமைத்த குழுவின் வழிவந்தது. ஆர்சனல், 1886இல் லண்டனின் தென்கிழக்கே ஊல்லிச் பகுதியிலிருந்த படைக்கலத் தொழிற்சாலையின் தொழிலாளர் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் கழகத்தின் மூலவேர் 1895இல் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தில் உள்ளது. உடன் வேலை செய்பவன் ஆடினான். ஆகவே மற்றவன் சென்று பார்த்தான். ஆதரவு என்பது அன்று அண்டை வீட்டானுக்குக் கைதட்டுவதே.

மலாயாவிலும் பற்று இவ்வழியிலேயே வேரூன்றியது. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலினர் அளித்த கிண்ணத்திற்காக 1921இல் தொடங்கிய போட்டி, பின்னாளில் மலேசியக் கிண்ணப் போட்டி எனப் பெயர் பெற்றது. மாநிலங்கள் தமக்குள் மோதிய அப்போட்டியில், சிலாங்கூரில் வாழ்ந்தவர் சிலாங்கூரையும், பேராக்கில் வாழ்ந்தவர் பேராக்கையும், சிங்கப்பூரில் வாழ்ந்தவர் சிங்கப்பூரையும் ஆதரித்தனர். தோட்டப்புறத் திடல்களில் மாலையில் பந்துதைத்த தமிழ் இளைஞர்க்குத் தம் தோட்டத்துக் குழு ஒன்று. அதற்கு மேல் தம் மாநிலத்துக் குழு ஒன்று. வேறு எதை ஆதரிப்பது என்னும் எண்ணமே அவர்க்கு எழவில்லை.

இரண்டாம் வழி குடும்பம். ஆங்கில எழுத்தாளர் நிக் ஹார்ன்பி 1992இல் வெளியிட்ட நூலொன்றில் தம் ஆர்சனல் பற்று பிறந்த கதையைக் கூறியுள்ளார். பெற்றோர் பிரிந்து வாழத் தொடங்கிய காலத்தில், 1968இல், பதினொரு வயதுச் சிறுவனாகிய அவரைத் தந்தை ஓர் ஆட்டத்திற்கு அழைத்துச் சென்றார். அன்றைய ஆட்டம் சிறப்பானதன்று. ஆயினும் அச்சிறுவனுக்குத் தந்தையோடு சேர்ந்திருக்க ஓர் இடம் கிடைத்தது. அவ்விடத்தின் பெயர் ஆர்சனல் என்று அமைந்தது. பலருடைய வாழ்விலும் இதுவே நிகழ்கிறது. மகன் குழுவை நேசிக்கிறான் என்று உலகம் எண்ணுகிறது. முதலில் அவன் நேசித்தது, குழுவைப் பற்றிப் பேசும்போது மலர்ந்த தந்தையின் முகத்தை.

மூன்றாம் வழி வெற்றி. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபின் இவ்வழி அகன்றது. கண்ணுக்குத் தெரிவது வெல்பவன்தான். தோற்பவனின் படம் செய்தித்தாளில் சிறிதாகவே வருகிறது. லிவர்பூல் கழகம் 1976 முதல் 1990 வரை பத்து முறை இங்கிலாந்தின் லீக் வாகையர் பட்டம் வென்றது. அக்காலத்தில் சிறுவராக இருந்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருள் லிவர்பூல் ஆதரவாளர் மிகுதியாக இருப்பது வியப்பன்று. 1993க்குப் பின் மான்செஸ்டர் யுனைடெட் தொடர்ந்து வென்றபோது, அடுத்த தலைமுறையின் உள்ளம் அதன்பால் சென்றதும் வியப்பன்று.

நான்காம் வழி எதிர்ப்பு. அண்ணன் ஒரு குழுவை ஆதரிக்கிறான் என்பதற்காகவே தம்பி அதன் எதிரியைத் தேர்ந்தெடுக்கிறான். வகுப்பில் தன்னைக் கேலி செய்தவனின் குழு எதுவோ, அது தோற்கவேண்டும் என்று விரும்பும் மாணவன், அதனைத் தோற்கடிக்கும் குழுவிடம் அடைக்கலம் புகுகிறான்.

மண்ணின் உரிமை

இந்நான்கனுள் முதலிரண்டு உயர்ந்தவை, பின்னிரண்டும் தாழ்ந்தவை என்று கருதுவோர் உளர். மண்ணில் பிறந்தவனுக்கும் தந்தைவழி பெற்றவனுக்குமே பற்று உரிமையாகும். வெற்றியைக் கண்டு ஓடிவந்தவன் வேடிக்கை பார்ப்பவன் என்பது அவர் கருத்து. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஈப்போவில் அமர்ந்து லிவர்பூலை "நம் குழு" என்பவனைக் கண்டு லிவர்பூல்காரன் நகைக்கலாம் அல்லவா?

இக்கருத்து மேலோட்டமாகச் சரியெனத் தோன்றினும் ஆழ நோக்கின் நிலைபெறாது. ஆர்சனலின் வரலாறே இதற்குச் சான்று. தென்கிழக்கு லண்டனில் பிறந்த அக்கழகம், பணமுடை காரணமாக 1913இல் தேம்ஸ் ஆற்றைக் கடந்து வடலண்டனின் ஹைபரி பகுதிக்குக் குடிபெயர்ந்தது. இன்று வடலண்டனில் நான்கு தலைமுறையாக ஆர்சனலைத் தம் குருதியில் கலந்ததாகக் கூறும் குடும்பங்கள் உள்ளன. 1913இல் நிருவாகிகள் வேறு நிலத்தைத் தேர்ந்திருந்தால், அக்குடும்பங்களின் குருதியில் வேறொரு குழு கலந்திருக்கும். மண்ணின் உரிமை என்பதும் ஆராயின் ஒரு தற்செயலே. பிறக்கும் ஊரையும் தந்தையையும் எவரும் தகுதியால் பெறவில்லை.

ஆகவே, நான்கு வழிகளும் ஒரு தன்மையனவே. பற்று வந்த வழியைக் கொண்டு ஒருவனை உயர்ந்தவன் என்றோ தாழ்ந்தவன் என்றோ கூற இயலாது. பத்து வயதுச் சிறுவன் வெல்லும் குழுவைத் தேர்ந்ததில் குற்றம் ஏதுமில்லை. அவ்வயதில் அவன் கண்ட ஒளி அதுதான். விதை காற்றில் வந்ததா, பறவையின் எச்சத்தில் வந்ததா, உழவன் கையால் விழுந்ததா என்பதைக் கொண்டு மரத்தை மதிப்பிடுவார் இல்லை. மரம் வேர்கொண்டதா, பயன் தந்ததா என்பதே பின்னர்க் கேட்கப்படும் வினா.

தோல்வி என்னும் தேர்வு

பற்று வேர்கொண்டதா என்பதை அறிவிக்கும் முதல் தேர்வு தோல்வி. வெற்றியைக் கண்டு லிவர்பூலை ஏற்றவர்களை வரலாறு நன்றாகவே சோதித்தது. 1990இல் லீக் பட்டம் வென்ற அக்கழகம், அடுத்த பட்டத்தை 2020இல்தான் வென்றது. முப்பது ஆண்டுகள்! பள்ளிச் சிறுவனாக ஆதரிக்கத் தொடங்கியவன் மணமுடித்துப் பிள்ளைகளைப் பெற்று, அப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்ட காலம் அது. இடையில் 2005இல் ஐரோப்பியக் கிண்ணம் போன்ற பெருவெற்றிகள் வந்தன எனினும், அவன் விரும்பியது வரவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டை 1968இல் ஐரோப்பிய வாகையராகக் கண்டு ஏற்றவன், ஆறே ஆண்டுகளில், 1974இல், அது இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டதையும் கண்டான்.

இக்காலத்தில் விலகிச் சென்றவர் பலர். அவர்களை இழித்துரைக்க வேண்டியதில்லை; அவர்கள் விரும்பியது வெற்றியை; அது சென்ற இடத்திற்கு அவர்களும் சென்றனர். ஆனால், நின்றவர் நிலை வேறு. வந்தபோது அவரும் வெற்றியின் பொருட்டே வந்தார். வெற்றி போன பின்னும் நின்றபோது, அவர் பற்றின் காரணம் மாறிவிட்டது. வந்த காரணம் மறைந்து, நிற்கும் காரணம் ஒன்று தோன்றியது. அக்காரணத்தை அவருக்கு எவரும் அளிக்கவில்லை, தாமே உண்டாக்கிக்கொண்டார். தற்செயலாக வந்த பற்று, ஒருவன் அதற்காக இழப்பை ஏற்கும் கணத்தில் அவனுடைய சொந்தப் பற்று ஆகிறது. பிறகு அதனைத் தற்செயல் என்று சொல்லுதல் தகாது.

காணாமற் கொண்ட நட்பு

தொலைவில் இருந்து காணாமலே கொள்ளும் அன்பு மெய்யன்பு ஆகுமா என்னும் ஐயம் எழலாம். இவ்வையத்திற்குத் தமிழ் மரபு பழங்காலத்திலேயே விடை கண்டிருக்கிறது. உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கேள்வியால் வளர்ந்த நட்பு அது. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பிசிராந்தையார் வருவார் என்று உறுதியாக நம்பி அவருக்கு இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்தார், உடனிருந்து உயிர்நீத்தார். நட்புக்கு உடனுறைதலும் பழகுதலும் இன்றியமையாதன அல்ல; உணர்ச்சி ஒத்தலே போதும் என்பது வள்ளுவர் கருத்து. பரிமேலழகரும் அக்குறளுக்கு இவ்விருவரையே எடுத்துக்காட்டுகிறார்.

எனினும், ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. சோழன் புலவரை நினைத்திருந்தான். கழகம் ஈப்போ இரசிகனை நினைப்பதில்லை. அவன் வாங்கும் சட்டையின் விலையை மட்டும் கணக்கிடுகிறது என்று சொன்னாலும் பொய்யாகாது. அப்படியாயின் இஃது ஒருதலை அன்பு அன்றோ? கழகம் என்னும் நிறுவனத்தை மட்டும் நோக்கின் ஒருதலைதான். ஆனால், இரசிகனுக்கு மறுமொழி கழகத்திடமிருந்து வருவதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவனிடமிருந்து வருகிறது. நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து ஒரே ஆட்டத்தைப் பார்க்கும் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும், வேறு எதிலும் ஒன்றுபடாதவராயினும், அந்தத் தொண்ணூறு நிமிடங்களில் ஒரே மூச்சை இழுத்து விடுகின்றனர். ஆர். ஆறுமுகம் கோல்கம்பத்தைக் காக்க, சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் தடுப்பரணாக நிற்க, மொக்தார் டஹாரி முன்னேறிக் கோல் அடித்த 1970களின் தேசியக் குழுவை ஆதரித்தவர்கள் இவ்வுணர்வை அறிவர். அன்று மெர்டேக்கா அரங்கில் எழுந்த ஒலிக்கு இனம் இல்லை. பற்றின் பயன் அப்பற்றுக்குரிய பொருளிடமிருந்தே வரவேண்டும் என்பதில்லை. அதனைப் பகிர்ந்துகொள்வோரிடமிருந்தும் வரலாம்.

ஆராய்தலும் பழைமையும்

தோல்வியைத் தாங்குதல் முதல் தேர்வு என்றால், தவற்றைக் காணுதல் இரண்டாம் தேர்வு. தோல்வி என்பது திறன் குறைவு. தவறு என்பது நெறிப் பிழை. இரண்டையும் ஒன்றாகக் கருதும் இரசிகன் வழுக்கி விழுகிறான்.

திருக்குறளின் அதிகார வைப்புமுறை இங்கே எண்ணத்தக்கது. நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து வள்ளுவர் நட்பாராய்தலை வைக்கிறார். அதனை அடுத்துப் பழைமை. அதன்பின் தீ நட்பு. பின்னர்க் கூடா நட்பு. ஆராய்ந்து நட்புக்கொள்க என்பது ஒரு நெறி. நெடுநாள் நட்பினர் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுக்க என்பது அடுத்த நெறி. ஆயினும், சில நட்புகள் விலக்கத்தக்கன என்பது அதற்கும் அடுத்த நெறி. ஆராயாமல் வந்த பற்று, முதல் நெறியைத் தவறவிட்டுவிட்டது என்பது உண்மை. ஆனால், ஆராய்தல் தொடக்கத்தில் மட்டும் செய்யத்தக்கதன்று, இடையிலும் செய்யத்தக்கது. சிறுவன் ஆராயாமல் ஏற்றான். வளர்ந்தவன் ஆராய்ந்து தொடரவேண்டும்.

மலேசியக் காற்பந்தின் வரலாற்றில் இத்தேர்வு மிகக் கடுமையாக வந்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில், ஆட்டங்களின் முடிவைச் சூதாட்டக்காரர்க்கு விற்ற செயல் வெளிப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர், பலர் தடைசெய்யப்பட்டனர், சிலர் நாட்டின் பிற பகுதிகளுக்குக் கடத்தப்பட்டு அங்கேயே இருக்குமாறு ஆணையிடப்பட்டனர். 24 முறை கிண்ணம் வென்ற சிங்கப்பூரும், 1994இல் பகாங்கை நான்கு கோல்களால் வென்று கடைசி முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியபின் போட்டியிலிருந்து விலகியது. பேருந்தேறி, மழையில் நனைந்து, கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து அரங்கிற்குச் சென்ற இரசிகன், தான் அழுது பார்த்த தோல்வி முன்கூட்டியே விலைபேசப்பட்டிருக்கலாம் என்று அறிந்தான்.

அவன் அரங்கிற்குச் செல்வதை நிறுத்தினான் என்றால் அது பற்றுக்கேடு ஆகுமா? ஆகாது. தோல்வியைப் பொறுத்தல் கடமை. ஏமாற்றைப் பொறுத்தல் கடமையன்று. பழைமை என்பது நண்பன் அறியாமையாலும் உரிமையாலும் செய்த பிழையைப் பொறுப்பது. நண்பன் தன்னை விற்றதைப் பொறுப்பதன்று. அதே நேரத்தில், அன்று விலகாமல் நின்று, "எங்கள் குழுவைத் தூய்மைப்படுத்துங்கள்" என்று கேட்டவரும் பற்றுடையவரே. விலகியவர், நின்று கேட்டவர் ஆகிய இருவரையும் அறம் பழிக்காது. நின்றும் கேளாதவர், தம் குழுவில் மட்டும் தவறே இல்லை என்று சாதித்தவர், இவர்களின் பற்றே குறையுடையது. அன்பின் பெயரால் கண்ணை மூடுதல், அன்புக்குரிய பொருளைக் கெடுக்கவே துணைசெய்யும். தன் பிள்ளை தேர்வில் பார்த்து எழுதியதை மறைக்கும் பெற்றோர் அப்பிள்ளைக்கு நன்மை செய்தவர் ஆகார்.

பகையில் வளரும் பற்று

மூன்றாம் தேர்வு, பற்று எதனை உண்டு வளர்கிறது என்பது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக் கழகம் 1887இல் தொடங்கப்பட்டது. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிவந்த ஏழைகளின் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதே அதனைத் தொடங்கிய துறவியின் நோக்கம். அத்தகு அருளிலிருந்து பிறந்த கழகத்திற்கும் அந்நகரின் ரேஞ்சர்ஸ் கழகத்திற்கும் இடையே, கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்டு என்னும் சமயப் பிளவு புகுந்தது. கத்தோலிக்க ஆட்டக்காரரைச் சேர்ப்பதில்லை என்று நெடுங்காலம் நிலவிய வழக்கத்தை ரேஞ்சர்ஸ் 1989இல் மோ ஜான்ஸ்டனை ஒப்பந்தம் செய்து உடைத்தபோது, இரு தரப்பிலும் சினம் எழுந்தது. அச்சினத்துக்கு அவருடைய ஆட்டத்திறன் காரணமன்று. தந்தைவழி வந்த பற்றோடு தந்தைவழிப் பகையும் வந்து சேர்கிறது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஒரே கழகத்தின் இரசிகர்களே பற்றின் இருமுகங்களையும் உலகுக்குக் காட்டியதுண்டு. 1985 மே 29ஆம் நாள், பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹேசல் அரங்கில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்திற்கு முன் லிவர்பூல் இரசிகருள் ஒரு சாரார் எதிரணியாகிய யுவெந்துஸ் இரசிகர் பக்கம் பாய்ந்தனர். நெரிசலில் சுவர் இடிந்தது. 39 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியர். தம் குழுவின்மேல் கொண்ட அன்பைக் காட்டப் பிறர்மேல் பாய்வதைவிட வேறு வழியறியாதவர் செய்த பழி அது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1989 ஏப்பிரல் 15ஆம் நாள், ஷெப்பீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் அதே லிவர்பூல் இரசிகர்கள் நெரிசலில் நசுங்கினர். அவ்விபத்தால் உயிரிழந்தோர் 97 பேர். பழி முதலில் மாண்டவர்மீதும் உடனிருந்த இரசிகர்மீதுமே சுமத்தப்பட்டது. குடும்பங்களும் இரசிகர்களும் 27 ஆண்டுகள் போராடினர். 2016இல் மரண விசாரணை நீதிக்குழு, இறந்தோர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகர்மீது குற்றமில்லை என்றும் தீர்ப்பளித்தது. விபத்து நிகழ்ந்த ஒருவாரத்தில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கிற்கும் அதன் பரம எதிரியாகிய எவர்ட்டன் கழகத்தின் அரங்கிற்கும் இடையே, பூங்காவைக் கடந்து, சிவப்பும் நீலமுமான கழுத்துத்துணிகளை முடிந்து ஒரு நீண்ட வடம் போல் கட்டினர் அந்நகர மக்கள். நீலத்தை அணிந்தவனுக்குச் சிவப்பை அணிந்தவனின் துயரம் புரிந்தது. தானும் ஒரு குழுவை நேசித்தவன் ஆதலின், பிறன் நேசத்தின் எடையை அவன் அறிந்திருந்தான்.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோசையா ராய்ஸ் 1908இல் பற்றுறுதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒருவன் கொண்ட பற்று, பிறருடைய பற்றையும் மதித்து வளர்ப்பதாயின் அது நல்லது. பிறருடைய பற்றை அழிப்பதாயின் அது தீயது என்பது அவர் கண்ட அளவுகோல். ஹேசலும் எவர்ட்டனின் நீலத்துணியும் இந்த அளவுகோலின் இரு முனைகள். எதிரணி இல்லாமல் ஆட்டம் இல்லை. எதிரணியை வெல்ல விரும்புவது விளையாட்டு. எதிரணியின் ஆதரவாளன் மனிதன் என்பதை மறப்பது நோய்.

பெயரா, பொருளா?

பற்று கொண்ட பொருளே உருமாறிவிட்டால் பற்றுடையவன் எங்கே நிற்பது? 1889இல் தோன்றிய விம்பிள்டன் கழகத்தின் ஆதரவாளர்க்கு இவ்வினா 2002இல் எழுந்தது. தென்மேற்கு லண்டனைச் சேர்ந்த அக்கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மில்ட்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற உரிமையாளர் விரும்பினர். மூவர் கொண்ட ஆணைக்குழு, இருவருக்கு ஒருவர் என்னும் வாக்கில் அதற்கு இசைந்தது. உரிமமும், ஆட்டக்காரரும், பிரிவில் இருந்த இடமும் புதிய நகருக்குச் சென்றன. சட்டத்தின் கண்ணில் கழகம் அங்கே சென்றுவிட்டது.

ஆதரவாளர் அதன்பின் செல்லவில்லை. அதே ஆண்டில் அவர்கள் தாமே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் கழகத்தை அமைத்தனர்; விம்பிள்டன் பொதுத்திடலில் தேர்வு நடத்தி ஆட்டக்காரரைத் திரட்டினர்; இங்கிலாந்துக் காற்பந்தின் ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கினர். 2011இல் காற்பந்து லீக்கிற்குள் (Football League) ஏறினர். 2020இல் தம் பழைய பகுதியாகிய ப்ளவ் லேனில் புதிய அரங்கிற்கே திரும்பினர். தற்செயலாக அவ்வூரில் பிறந்ததால் ஆதரவாளர் ஆனவர்கள் அவர்கள். 2002இல் அவர்கள் செய்தது தற்செயல் அன்று, தேர்வு. கழகம் என்பது உரிமத்தாளா, ஊர்மக்களின் நினைவா என்று கேட்டு, அவர்கள் விடை கண்டனர்.

2021 ஏப்பிரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகங்கள் தமக்குள் ஒரு மூடிய போட்டியை அமைக்கப்போவதாக அறிவித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. தம் கழகத்திற்குப் பெரும்பணம் வரும் என்று அறிந்தும் இரசிகர்களே தெருவில் இறங்கி எதிர்த்தனர். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. தம் குழுவின் ஆதாயத்தைவிட ஆட்டத்தின் நேர்மை பெரிது என்று இரசிகன் கண்டுகொண்ட நாள் அது. குழுவை நேசிக்கத் தொடங்கியவன், குழுவின் வழியே ஆட்டத்தையும், ஆட்டத்தின் வழியே நேர்மையையும் நேசிக்கக் கற்றுக்கொள்கிறான். சிறிய பற்று பெரிய பற்றுக்குப் படியாவது இவ்வாறே.

இளையோர்க்கு எதைக் கற்பிப்பது?

வகுப்பறையில் ஐந்தாம் ஆண்டு மாணவனிடம் "அந்தக் குழுவை ஏன் ஆதரிக்கிறாய்?" என்று கேட்டுக் காரணம் கூறமுடியாமல் அவன் விழிப்பதைக் கண்டு நகைப்பதில் பயனில்லை. அதே மாணவனிடம் "தமிழை ஏன் நேசிக்கிறாய்?" என்று கேட்டாலும், மேடைப்பேச்சில் மனனம் செய்த வரிகளை நீக்கிவிட்டால், "அம்மா பேசினார்" என்பதே உண்மையான விடையாக எஞ்சும். அவ்விடையில் இழிவு ஏதுமில்லை, முழுமையும் இல்லை. தாய் பேசிய மொழி என்பது தொடக்கம். அதில் ஒரு நூலைப் படிப்பது, பிழையின்றி ஒரு மடல் எழுதுவது, அதன் குறையைக் கண்டால் நாணாமல் ஒப்புக்கொண்டு திருத்த முயல்வது, பக்கத்து மாணவன் தன் மொழியை அவ்வாறே நேசிப்பதைக் கண்டு மகிழ்வது ஆகிய இவற்றால்தான் அம்மொழி அவனுடையது ஆகிறது.

ஆகவே இளையோரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. குழு தோற்ற வாரத்திலும் அந்தச் சட்டையை அணிந்து வெளியே சென்றாயா? உன் குழுவின் ஆட்டக்காரன் கையால் பந்தைத் தட்டிக் கோல் போட்டபோது, அது தவறென்று உன் வாயால் சொன்னாயா? எதிரணியை ஆதரிக்கும் நண்பன் வருந்தியிருந்தபோது அவன் பக்கத்தில் சென்று அமர்ந்தாயா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடையிறுக்கும் சிறுவன், எக்குழுவை எக்காரணத்தால் ஏற்றிருந்தாலும், பற்று என்னும் பாடத்தில் தேறியவனே. நாளை அவன் நாட்டுக்கும் மொழிக்கும் சமயத்துக்கும் பற்றுடையவன் ஆகும்போது, அப்பற்றைக் கண்டு அண்டை வீட்டார் அஞ்சவேண்டிய நிலை வராது.